பதினோரு அட்டை, ஒரு கதை

கேள்வி: சார், இப்போது வரும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எல்லாமே பொம்மை விற்பதற்காகத்தான் என்பது என் கருத்து. 'அப்சொல்யூட் பேட்மேன்' என்று ஒன்று வருகிறதே, அதில் புரூஸ் வேய்னுக்குப் பணமே கிடையாதாம், மார்பில் இருக்கும் வௌவால் சின்னம் கழன்று கோடரியாகிவிடுமாம். பொம்மைக் கம்பெனிக்காரர் யோசித்துக் கொடுத்தது போல் இருக்கிறது. 90-களில் வந்த கதைகளின் தரம் இனி வராது. நான் முதல் இதழை மட்டும் பதினோரு விதமான அட்டைகளில் வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அதன் பொம்மையும் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. பத்து வருடம் கழித்து இவற்றுக்கு நல்ல விலை கிடைக்குமா?
- பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், திருச்சி

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தானே மற்ற வரிகளை எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. அப்படியே ஏதோ கிடைத்தாலும், நீங்கள் போட்ட காசு, தபால் செலவு, பத்து வருடம் பீரோவில் அது அடைத்துக்கொண்ட இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு கட்டாது.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'பணமே கிடையாதாம்', 'கோடரியாகிவிடுமாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதென்ன 'ஆம்'? பதினோரு பிரதி கையில் இருக்கிறது, அதில் ஒன்றையாவது புரட்டியிருந்தால் 'கிடையாது', 'ஆகிவிடுகிறது' என்று எழுதியிருப்பீர்கள். பக்கத்து ஊர்க் கல்யாணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்வது மாதிரி, சொந்த பீரோவில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறீர்களே சார்!

சரி, நீங்கள் படிக்காததை நான் சொல்கிறேன். ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிராகோட்டா வரைந்து 2024 அக்டோபரில் ஆரம்பித்தது அந்தத் தொடர். புரூஸ் அதில் கோடீஸ்வர வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், துப்பாக்கிச் சூட்டில் சாகிறார். அம்மா உயிரோடு இருக்கிறார். பையன் கட்டுமானம் படித்த இன்ஜினியர், அதனால் அவன் கையில் இருப்பதெல்லாம் அவனே செய்த பொருள், மாளிகையும் குகையும் கொடுத்தது இல்லை. கோடரி அங்கிருந்துதான் வருகிறது. வழக்கமாக பேட்மேனுடைய எதிரிகளாக வரும் ஆஸ்வால்டும் ஹார்வியும் இதில் அவனோடு சின்ன வயதில் ஒன்றாகத் திரிந்த சிநேகிதர்கள், எனக்குக் கோடரியைவிட இதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது, ஏனென்றால் இவர்களில் யார் எப்போது எந்தப் பக்கம் திரும்பப்போகிறார்கள் என்ற பயம் ஒவ்வொரு இதழிலும் கூடவே வருகிறது. பணம் இல்லாத பேட்மேன் பேட்மேனே இல்லை என்று நீங்கள் சண்டை போடலாம், அது நியாயமான சண்டை, நானும் உட்கார்ந்து பேசத் தயார். ஆனால் படித்துவிட்டு வாருங்கள்.

இப்போது பொம்மைக்கு வருவோம். பொம்மைக்காகக் கதை எழுதுவதை யாரோ போன வருடம் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1984-ல் பேட்மேன், சூப்பர்மேன் கதைகளைப் போடும் டிசி பதிப்பகத்து நாயகர்களின் பொம்மை உரிமை கென்னர் கம்பெனியிடம் இருந்தது. போட்டியில் பின்தங்கக் கூடாது என்று இன்னொரு பொம்மைக் கம்பெனியான மேட்டல், டிசியின் போட்டிப் பதிப்பகமான மார்வெலிடம் போனது. எங்களுக்கு எல்லா நாயகர்களும் ஒரே இடத்தில் மோதும் ஒரு பெரிய கதை வேண்டும், அப்போதுதான் பொம்மை விற்கும் என்றது. பெயரில் 'வார்ஸ்' என்ற சொல்லும் 'சீக்ரெட்' என்ற சொல்லும் இருந்தால் பையன்களுக்குப் பிடிக்கிறது என்று அவர்கள் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதை, அப்போதைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டரே பிற்பாடு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 'சீக்ரெட் வார்ஸ்' என்று பன்னிரண்டு இதழ்கள் வந்தன, எழுதியவரும் ஷூட்டர்தான். இதைவிட அப்பட்டமான பொம்மைக் கதை உண்டா?

அந்தப் பொம்மைக் கதையில்தான் ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை வந்தது. அதில் வேடிக்கை, அந்தக் கறுப்பு உடை யோசனை மார்வெல் அலுவலகத்தில் பிறந்ததே அல்ல. உங்களைப் போல ஒரு வாசகர் எழுதி அனுப்பியது, அதை 220 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அந்த உடை பிறகு உயிருள்ள ஜந்துவாகி, 1988-ல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 300-வது இதழில் வெனம் என்ற வில்லனாக வளர்ந்து, இன்றைக்கு வரைக்கும் பொம்மையாக விற்றுக்கொண்டிருக்கிறது. பொம்மை கதையைக் கொடுத்தது, கதை பொம்மையைத் திருப்பிக் கொடுத்தது. எது கோழி, எது முட்டை என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

வாசகர் கருத்து என்று சொன்னதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அதே 1988-ல் பேட்மேனின் உதவியாள் இரண்டாவது ராபின், ஜேசன் டாட், அவனைப் பலருக்குப் பிடிக்கவில்லை. 'பேட்மேன்' 427-வது இதழில் அவனை வில்லன் ஜோக்கர் அடித்துப் போட்டு, குண்டும் வெடித்து, கதையை அப்படியே நிறுத்தி, இவன் பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்று இரண்டு போன் நம்பர் கொடுத்தார்கள். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவர்கள் 5,343, பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வெறும் 72 ஓட்டில் ஒரு பையனைக் கொன்றார்கள். (2005-ல் திரும்பி வந்துவிட்டான், அமெரிக்க காமிக்ஸில் பாடை கட்டுவதற்கு எப்போதுமே அவசரப்படக் கூடாது.) கொடூரமான விளையாட்டுதான், எனக்கு இன்றைக்கும் அது பிடிக்காது. ஆனால் அந்தப் பத்தாயிரத்துச் சொச்சம் பேரிடம் ஒரு தகுதி இருந்தது. அந்த இதழைக் கடைசிப் பக்கம் வரை திறந்து பார்த்தவனுக்குத்தான் அந்த போன் நம்பர் கிடைக்கும்.

90-களின் தரம் என்கிறீர்கள். எந்த 90-கள்? 1991-ல் மார்வெலின் 'எக்ஸ்-மென்' புதிய முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. போனது என்றால், 80 லட்சம் பேர் படித்தார்கள் என்று அர்த்தம் இல்லை. ஐந்து அட்டைகள் போட்டார்கள். நான்கை வரிசையாக வைத்தால் ஒரே படம், ஐந்தாவது அந்த நான்கையும் சேர்த்து மடித்து வைத்தது, உள்ளே இருக்கும் கதை ஐந்திலும் ஒன்றேதான். ஐந்தையும் வாங்கிப் பத்திரமாக வைத்தால் பிள்ளையின் காலேஜ் படிப்புக்கு ஆகும் என்று நம்பி ஜனங்கள் வாங்கினார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்ததால் இன்றைக்கும் அது அமெரிக்காவில் சீப்பட்டுக் கிடக்கிறது. இதே நம்பிக்கையில்தான் அந்தக் காலச் சந்தை ஊதிப் பெருத்தது, கடைக்காரர்கள் விற்காமல் போனால் திருப்பித் தர முடியாத சரக்கை மூட்டை மூட்டையாக எடுத்தார்கள், பிறகு வாங்குகிறவர்கள் விழித்துக்கொண்டதும் கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. நீங்கள் ஏங்கும் 90-களில் இதுவும் அடக்கம்.

அதற்காக அந்தக் காலத்தில் நல்ல வேலையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நல்ல வேலை எங்கே இருந்தது என்று கேளுங்கள். 1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்தார். 75-வது இதழைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ரத்தம் வழியும் 'எஸ்' எழுத்து போட்டு, உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்ட ஒரு கறுப்புப் பட்டை வைத்து விற்றார்கள். உறவினர் ஒருவர் எனக்கு ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார், பிரிக்காதே, விலை போகும் என்ற புத்திமதியோடு. நானும் பிரிக்கவில்லை. வருடக்கணக்காகப் பிரிக்கவில்லை, அலமாரி மாற்றும்போதெல்லாம் ஒரு குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி வைத்தேன். அப்புறம் ஒரு மழைநாளில், கரண்ட் இல்லை, படிக்க வேறு எதுவும் இல்லை, பிளேடு எடுத்துக் கிழித்துவிட்டேன்.

உள்ளே ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு படம். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அப்படியே. இதென்ன சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதற்கு முந்தைய இதழ்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. சாவுக்கு மூன்று இதழ் முன்பு ஒரு பக்கத்துக்கு நான்கு கட்டம், அடுத்த இதழில் மூன்று, அதற்கடுத்ததில் இரண்டு, சாகும் இதழில் ஒன்று. கதை சாவை நெருங்க நெருங்க, படம் பெரிதாகிக்கொண்டே வந்து கட்டங்கள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போகின்றன, கவுன்ட் டவுன் மாதிரி. எவ்வளவு அழகான யோசனை! இதைப் பார்க்காமலே பையை மூடி வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேரோ. நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன் என்பதால்தான் உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

விலை எப்படி வருகிறது என்று கேட்டால், 1938-ல் 10 சென்ட்டுக்கு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பாருங்கள், சூப்பர்மேன் முதன்முதலில் வந்த இதழ். 2024 ஏப்ரலில் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. காரணம், அதை யாரும் பாதுகாக்கவில்லை. பையன்கள் படித்தார்கள், சுருட்டிக் கால்சட்டைப் பையில் வைத்தார்கள், தம்பி கிழித்தான், அம்மா குப்பையில் போட்டாள், மிச்சத்தை யுத்தகாலத்துப் பழைய காகித வசூல் கொண்டுபோனது. இப்போது மிஞ்சியிருப்பது சுமார் நூறு பிரதி என்று கணிக்கிறார்கள். (சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல், எல்லா உரிமையையும் கூட்டாளியோடு சேர்ந்து 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தவர், 60-களில் பிழைப்புக்காக ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்குக் கதை எழுதினார். அதுதான் நம் ஊரில் தமிழில் வந்து நம்மைப் பைத்தியமாக அடித்த ஸ்பைடர், ஸ்பைடர்மேன் வேறு, இவர் வேறு. அந்தப் புத்தகங்களை நாம் எந்தக் கதியில் வைத்திருந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும்.) உங்கள் பதினோரு பிரதிகளும் பத்து வருடம் கழித்து பளபளவென்று இருக்கும், உங்களைப் போலவே வைத்திருக்கும் மற்ற எல்லோருடைய பிரதிகளும் பளபளவென்று இருக்கும், யார் யாரிடம் வாங்குவது?

பதினோரு அட்டை எதற்காக வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் சாதாரண அட்டையில் 25 பிரதி எடுத்தால்தான் ஒரு சிறப்பு அட்டை கொடுப்பார்கள், 50 எடுத்தால் இன்னொன்று. அந்த ஒன்றுக்காக அவர் விற்கவே முடியாத 25-ஐத் தலையில் கட்டிக்கொள்கிறார், அந்த நஷ்டத்தை உங்கள் சிறப்பு அட்டையின் விலையில் ஏற்றி உங்கள் தலையில் கட்டுகிறார். காமிக்ஸை வியாபாரம் கெடுக்கிறது என்று புகார் சொல்கிறீர்கள். கெடுக்கிறதுதான், இந்த வழியில். பொம்மை இதில் அப்பாவி.

பொம்மைக்கும் ஒரு வார்த்தை. 2023-ல் ஃபங்கோ கம்பெனி, பெரிய தலையும் சின்ன உடம்புமாக பொம்மை செய்பவர்கள், கிடங்கில் இடம் போதாமல் 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கைக் கழிக்கப்போவதாக அறிவித்தார்கள். செய்தவர்களுக்கே வைக்க இடம் இல்லை. உங்கள் வீட்டில் பிள்ளைகள் யாராவது இருந்தால் பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே பிரித்து மேசை மேல் நிற்க வையுங்கள், கோடரி கழல்கிறதா என்று பார்த்து எனக்கும் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

பதினோரு பிரதிகளில் அட்டை பிடித்த ஒன்றை உறையோடு வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நல்ல படம் நல்ல படம்தான். ஒன்றை இன்றைக்கு ராத்திரி படியுங்கள். மற்ற ஒன்பதையும் ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஒன்பது பேரைத் தேடுங்கள். பிறகு பேட்மேனுக்குப் பணம் வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் திட்டிக் கடிதம் எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன். 'ஆம்' இல்லாமல் எழுதுங்கள்.