புதிதாக லினக்ஸுக்கு வருகிறேன், எதைப் போடுவது? – கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. என் பழைய லேப்டாப் 11-ஐ ஏற்காது. 4 ஜிபி ராம். எந்த லினக்ஸ்?

லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைமுகப்பு உள்ள பதிப்பு. 8 ஜிபி இருந்தால் சின்னமன் என்ற முகப்பு உள்ள பதிப்பு. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று இருப்பதால் விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, வைஃபை தெரிகிறதா? பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப் என்றால் வைஃபை பெரும்பாலும் தெரியாது. போனை யுஎஸ்பியில் இணைத்து அதன் நெட்டைக் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வழி பிறக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப். இன்ஸ்டாலரில் ‘டிஸ்க்கை அழி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கல்யாண போட்டோவும் சேர்ந்தே போகும்.

ஹேக்கிங், பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸில் தொடங்கலாமா?

வேண்டாம். புதியவர்களுக்கானதல்ல என்று காளியின் ஆவணமே சொல்கிறது.

மின்ட் உபுண்டுவிலிருந்துதானே வருகிறது? நேராக உபுண்டுவையே போடலாமே?

போடலாம். என் தயக்கம் ஸ்னாப் மீது, அதாவது மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொதியாகக் கட்டித் தரும் உபுண்டுவின் முறை மீது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாகத்தான் வருகிறது; பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். ஸ்னாப் கடையை நடத்துவதும் உபுண்டுவைத் தயாரிக்கும் கெனானிக்கல் நிறுவனம் மட்டுமே, அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமும் அல்ல.

அது பழைய கதை, இப்போது வேகம் கூடிவிட்டது. மின்ட் ஸ்னாப்பைத் தடுத்து வைப்பது மட்டும் திணிப்பில்லையா?

நல்ல கேள்வி. வேகம் கூடியது உண்மை. பிரவுசர் தானாகவே அப்டேட் ஆவது புதியவருக்கு நல்லதுதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்ட்டின் தடை ஒரே ஒரு கோப்பு, நோஸ்னாப் என்று பெயர். அதை நீக்கினால் ஸ்னாப்பை நிறுவிக்கொள்ளலாம். உபுண்டுவில் வழக்கமான நிறுவும் கருவியான ஏபிடி வழியே ஃபயர்ஃபாக்ஸ் கேட்டாலும் ஸ்னாப்தான் வந்து நிற்கும். கேட்டது ஒன்று, கிடைப்பது வேறு. என் சண்டை அதோடுதான்.

இன்னொன்று. வெவ்வேறு ஸ்கேலிங்கில் (எழுத்து, படங்களின் அளவில்) இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர் உபுண்டுவுக்கே போங்கள். அங்கே திரையில் காட்டும் புதிய முறையான வேலண்ட் நன்றாக ஓடுகிறது, சின்னமனில் அது இன்னும் சோதனை நிலை.

அப்போ உபுண்டுவுக்கே அடிப்படையான டெபியனையே போட்டால் இந்தச் சண்டையே இல்லையே?

மின்ட்டுக்கே டெபியன் மேல் அமைந்த எல்எம்டிஇ என்ற பதிப்பு உண்டு. இதற்கு மேல் போனால் மற்றவர்கள் கேள்வி நின்றுவிடும்.

தமிழ்99 விசைப்பலகை கிடைக்குமா?

கிடைக்கும். கீபோர்டு செட்டிங்கில் தமிழ் வரிசையில் தமிழ்நெட் 99 என்று இருக்கும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறை வேண்டுமென்றால் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் பொதியைப் போடுங்கள்.

4 ஜிபி ராமுக்கு எது நல்லது?

முதல் பதில்.

கடையில் டாலி ஓடுகிறது. மாறலாமா?

அந்தக் கணினியில் விண்டோஸை விட்டுவிடுங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியே ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கணக்கு வழக்கில் பரிசோதனை வேண்டாம். டாலி விற்றவரிடமே கேளுங்கள்.

விண்டோஸோடு சேர்த்துப் போடலாமா?

போடலாம். டிஸ்க்கை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்குங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இங்கேயும் எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப்.

ராம் 4 ஜிபிதான் சார், எந்த லினக்ஸ்...

மேலே, மேலே.