தையல் மெஷின் புஷ் கடைய எந்த மெஷின் வாங்கலாம்?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில், வீட்டு காராஜில் வைத்துத் தொழிற்சாலைத் தையல் மெஷின்களைப் பழுதுபார்க்கிறேன். பழைய மாடல்களுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. 10 முதல் 25 மி.மீ. வரை புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுற்றும் உலோகக் குழாய்), காலர் (ஷாஃப்ட்டில் மாட்டும் வளையம்), சின்ன ஷாஃப்ட், எப்போதாவது ஒரு நைலான் கியர் நானே செய்துகொள்ள ஆசை. 3018 சி.என்.சி. (கணினி சொல்படி செதுக்கும் சின்ன மெஷின்), 3டி பிரிண்டர், சின்ன லேத் (கடைசல் மெஷின்) மூன்றில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் கரண்ட். எதை வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லேத் வாங்குங்கள். நீங்கள் கேட்டவற்றில் கியரைத் தவிர எல்லாமே உருளை. புஷ்ஷின் உயிர், துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருப்பதுதான். சக்கில், அதாவது கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பிடியில், ஒருமுறை பிடித்தபடியே வெளியே கடைந்து, துளையும் போட்டு, பிறகு வெட்டி எடுத்தால் அது தானாக அமையும். திருப்பிப் பிடித்தீர்களோ, மூன்று தாடை சக்கில் 0.05 மி.மீ.க்கு மேலேயே விலகலாம். ஷாஃப்ட் இறுகிச் சுற்றும்.

3018-இன் சட்டம் மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் போதும், இரும்பைத் தாங்காது. 3டி பிரிண்டரில் துளைகள் சிறுத்து வரும், அதில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். மூடி, நூல் வழிகாட்டி, ஜிக் செய்ய நல்லது. அதைப் பிறகு வாங்கலாம்.

7×14 என்று விற்கும் சீன லேத்தில் 180 மி.மீ. விட்டம் சுற்றும், நீளம் 350 மி.மீ. சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் துளை 20 மி.மீ.தான். ஆகவே உங்கள் 25 மி.மீ. கம்பி உள்ளே போகாது, துண்டாக அறுத்துத்தான் பிடிக்க வேண்டும். எடை சுமார் 40 கிலோ என்பதால், வெட்டிப் பிரிக்கும்போது அதிரும். சக்கை ஒட்டியே வெட்டுங்கள். பிளேடு சரியாக மைய உயரத்தில், தேவையான அளவு மட்டும் நீண்டிருக்கட்டும். ஜிப்பை (சறுக்கும் பாகத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையை) இறுக்கி, கேரேஜை (டூலைச் சுமந்து நகரும் பாகத்தை) அசையாமல் பூட்டிவிடுங்கள். 20 மி.மீ. மைல்டு ஸ்டீலை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால் கடைய நிமிடத்துக்கு 400 சுற்று. பிரிக்கும்போது அதில் பாதி.

பழைய மைஃபோர்ட் எம்.எல்.7 லேத் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் அதன் லீட்ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை. அங்குல லேத் இந்தக் காலத்தில் எதற்கு என்பார்கள். உங்கள் தொழிலுக்கு அதுவே வரம். ஜப்பான் மெஷின்களில்கூட தையல் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் 11/64 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 40 மரை, 15/64-இல் 28 மரை என்ற அங்குலக் கணக்குதான். சாதாரணக் கடையில் இந்த அளவில் மரை வெட்டும் டேப், டை கிடைக்காது. லேத்தில் நீங்களே மரை வெட்டிக்கொள்ளலாம். எம்.எல்.7-இன் ஸ்பிண்டில் துளை 15 மி.மீ. மட்டுமே என்பது குறை.

பழையதை வாங்கும்முன் கேரேஜை சக்கருகே நிறுத்தி ஜிப்பை இறுக்குங்கள். பிறகு சக்குக்கு எதிர்முனையான டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். அங்கே போய்ச் சிக்கினால் சக் பக்கம் பெட் (கேரேஜ் ஓடும் தண்டவாளம்) தேய்ந்திருக்கிறது. ஸ்பிண்டிலில் ஒரு கம்பியைப் பிடித்து நெம்பி, டயல் கேஜில் ஆட்டம் பாருங்கள். மோட்டார் த்ரீ ஃபேஸாக இருந்தால், அதைச் சிங்கிள் ஃபேஸில் ஓட்டும் வி.எஃப்.டி. கருவி வேண்டும். சில வி.எஃப்.டி.கள் வீட்டு 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் சுவிட்சைத் தட்டிவிடும். எர்த் லீக்கேஜைக் கழற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்தமான ஃபில்டர் போடுங்கள்.

புஷ்ஷுக்குப் பித்தளை வேண்டாம், வெண்கல வகைகளான கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸ் வாங்குங்கள். ஷாஃப்ட் 12, மெஷினில் புஷ் உட்காரும் துளை 16 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புஷ்ஷின் வெளிவிட்டம் 16.02. அழுத்தும் முனையில் சிறு சரிவு. துளையை 11.8-இல் நிறுத்திவிடுங்கள். அழுத்தி ஏற்றியதும் துளை சுருங்கும். 12-க்கே கடைந்துவிட்டு ஷாஃப்ட் ஏறவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். ஏற்றிய பிறகு, துளையைச் சரியான அளவுக்குத் திருத்தும் 12 மி.மீ. ரீமரை ஓட்டுங்கள். டிரில் பிட் வெண்கலத்தைக் கவ்வி இழுக்கும், அதன் வெட்டுமுனையை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

நைலான் கியரை இப்போதைக்கு வெளியே கொடுங்கள். அதற்கு மில்லிங் மெஷினும், பற்களைச் சம இடைவெளியில் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டும் வேண்டும். கொடுக்கும்போது நைலானுக்குப் பதில் டெல்ரின் பிளாஸ்டிக் கேளுங்கள். நைலான் டர்பனின் ஈரக்காற்றில் நீர் குடித்து ஊதும், பல் இறுகும்.

கையிருப்பு முழுவதையும் லேத்தில் போட்டுவிடாதீர்கள். 0-25 மைக்ரோமீட்டர், காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ், நான்கு தாடை சக், ரீமர்கள் இல்லாத லேத்தில் புஷ் வராது. அந்த 0.02 மி.மீ.யை வெர்னியரை நம்பிக் கடைய முடியாது.

இன்னொன்று, சுவிட்ச். கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஓடத் தொடங்காத நோ-வோல்ட் சுவிட்சா என்று பாருங்கள். லோட்ஷெட்டிங் பழகிய ஊரில், இருட்டில் சக்கின் மேல் கை இருக்கும்போது அது சுழலக் கூடாது. இல்லையென்றால் முதல் புஷ்ஷைக் கடைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.