எங்கள் ஊர்க் கண்மாயை ஊர்க்காரர்களே சேர்ந்து மீட்க முடியுமா? யாரை வைத்துத் தொடங்குவது?

முடியும். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, கொஞ்சம் நன்கொடையும் சேர்ந்திருக்கிறது, அடுத்து ஜேசிபிக்கு வாடகை பேசப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதற்கு முன்னால் உங்கள் ஊர் நீர்க்கட்டி, அதாவது மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர், யார் என்று விசாரியுங்கள். சில ஊர்களில் நீர்பாய்ச்சி என்பார்கள், மடையர் என்பார்கள்.

எனக்குச் சிவகங்கைப் பக்கம். எங்கள் கம்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கூட்டம் போட்டோம். வந்த பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் ஒரே யோசனை: "நல்லா ஆழமாத் தோண்டுங்கப்பா." நீர்க்கட்டித் தாத்தாவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். (சாதியை இழுக்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் வர வேண்டாம். அறுவடைக் களத்தில் அவருக்குக் கூலியாக அளக்க வேண்டிய நெல்லை நிறுத்தியது யார் என்று வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்.)

அவராகவே கரைக்கு வந்து வண்டியை நிறுத்தச் சொன்னார். "மடைக்குக் கீழ எவ்வளவு தோண்டுனாலும் அந்தத் தண்ணி வயலுக்கு ஏறாதுய்யா. மாடு குடிக்கும், அம்புட்டுத்தான். கரையை ஒட்டித் தோண்டுனா கரை உக்காந்துரும். வண்டலை மட்டும் வழிச்சு வயல்ல போடுங்க. மொதல்ல வரத்துக்கால் எங்க இருக்குன்னு பாருங்க."

மேலூர்க் கம்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கிலிருந்து எங்கள் கம்மாய்க்கு வரும் கால் அது. ரோடு போட்டபோது குறுக்கே மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். தாத்தா கம்பை ஊன்றிக் காட்டிய இடமும் புல வரைபடத்தில் இருந்த கோடும் ஒன்றாகவே இருந்தன. அங்கேதான் பாதிப் பணத்தைச் செலவழித்தோம். கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம், வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும். ஐப்பசி மழைக்கு நடுமடை வரை தண்ணீர் நின்றது. நிறைந்து வழிந்ததாகக் குழுவில் வந்த படம் வேறு ஊர்க் கம்மாய்.

எஞ்சினியரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மட்டம் பார்க்க அவர் வேண்டும், அனுமதியும் வேண்டும். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். வண்டலுக்குத் தாசில்தார். ஆனால் தமிழ்நாட்டில் 39,000 ஏரி, கண்மாய்க்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றின் கரையிலும் அதிகாரி வந்து நிற்க முடியுமா? ஊர்க் குடிகளே சேர்ந்து நீர்நிலையைப் பழுதுபார்ப்பதற்குக் குடிமராமத்து என்று பெயர்; 2017-இல் அரசே அந்தப் பழைய பெயரில்தான் திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பெயரில் இருக்கும் குடிகளில் நீர்க்கட்டியும் ஒருவர்தானே?

வேலை முடிந்ததும் விழா வைப்பீர்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள், மாதச் சம்பளம் பேசுங்கள். எங்கள் ஊரில் அது இன்னும் பேச்சாகவே இருக்கிறது. யார் தருவது என்று கேட்டால் எல்லாரும் கலெக்டரைக் கை காட்டுகிறார்கள்.