பதில்: அப்பாவுக்கு பிஎஸ்ஏ 8.4, நேரா பயாப்ஸியா?
தண்டையார்பேட்டை தம்பிக்கு: அப்பாவுக்கு 66 வயசு, பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) 8.4, ரத்தம் உறையாம இருக்க குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுறார், உடனே பயாப்ஸி (புற்றுநோய் இருக்கானு பார்க்க ஊசியால புரோஸ்டேட்ல இருந்து சதைத்துண்டு எடுக்கிறது) பண்ணலாமானு கேட்டிருந்தீங்க.

முதல்ல யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீர்ல கிருமி இருக்கானு பார்க்கிற சோதனை. சிறுநீர்த்தொற்று இருந்தாலே பிஎஸ்ஏ ஏறும். அடுத்து எம்ஆர்ஐ, அதுவும் பயாப்ஸிக்கு முன்னாடியே. பயாப்ஸி ஊசி போட்டுட்டா உள்ளே கசிஞ்ச ரத்தத்தால ஆறேழு வாரத்துக்குப் படம் தெளிவா வராது. பை-ராட்ஸ் (எம்ஆர்ஐ படத்துல புற்றுநோய் சந்தேகம் எவ்வளவுன்னு 1 முதல் 5 வரை போடுற மதிப்பெண்) 4, 5னு வந்தா அந்த இடத்தைக் குறிவெச்சு 3, 4 துண்டும், கூடவே வழக்கமான 12 துண்டும் எடுப்பாங்க. வெறும் 12 மட்டும்னா புரோஸ்டேட் சுரப்பியோட முன்பக்கக் கட்டி தப்பிடலாம்.

ஊசி ஆசனவாய் வழியா போகும், இல்லேன்னா விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல தோல் வழியா. ரெண்டாவதுல மலக்கிருமி ரத்தத்துல கலக்குற ஆபத்து ரொம்பக் குறைவு. சர்க்கரை இருந்தா அதையே கேளுங்க. ஸ்டான்லி யூராலஜி ஓபியில எந்த முறைனு விசாரிங்க.

குளோபிடோக்ரலை நீங்களா நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு. ஸ்டென்ட் இருந்தா இதய டாக்டர்தான் முடிவு பண்ணணும். நிறுத்தச் சொன்னா பொதுவா 5 முதல் 7 நாள் முன்னாடி.

பிறகு சிறுநீர்ல சில நாள், விந்துல சில வாரம் ரத்தம் வரலாம், பயம் வேண்டாம். ஆனா 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் அடைப்புன்னா விடியட்டும்னு காத்திருக்காம ராத்திரியே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.