பயணக் கேள்வி-பதில்: கொரோனா டெஸ்ட், தடுப்பூசிச் சான்றிதழ், ஏர் சுவிதா (மே 2022)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சிங்கப்பூரைப் பற்றி. கீழே இருப்பதெல்லாம் 2022 மே நடுப்பகுதி நிலவரம். விதி, விலை எல்லாம் அன்றைக்கு இருந்தவை, இன்றைக்கு அப்படியே செல்லாது. விதிகள் சொல்லாமல் கொள்ளாமல் மாறுகின்றன. டிக்கெட் போடும் முன் ஒரு தடவை, கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தடவை, போகும் நாட்டின் அரசுத் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மகளின் பேறுகாலத்துக்கு ஜூனில் சிங்கப்பூர் போகிறோம். எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் டெஸ்ட் எடுக்க வேண்டும்? (வாசகி, மன்னார்குடி)

எடுக்கவே வேண்டாம் அம்மா. கொரோனா தடுப்பூசி இரண்டும் போட்டவர்களுக்கு 2022 ஏப்ரல் 26 முதல் டெஸ்ட் கிடையாது. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் போதும். கோவாக்சினும் செல்லும். போய் இறங்கும் முன், கடைசி மூன்று நாளுக்குள், எஸ்.ஜி. அரைவல் கார்டை, அதாவது சிங்கப்பூர் அரசின் இணைய வருகைப் படிவத்தை, நிரப்புங்கள். அது விசா இல்லை, விசா தனி. கார்டு இலவசம். நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

வெளிநாடு போக எந்த டெஸ்ட் எடுக்கணும்? அவசரம். (வாசகர், திருவாரூர்)

எந்த நாடு? எந்த ஊசி, எப்போது போட்டீர்கள்? என்றைக்குப் பயணம்? இந்த மூன்றும் இல்லாமல் யார் பதில் சொன்னாலும் அது குத்துமதிப்புதான், நஷ்டம் உங்களுக்கு. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன். முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

துபாய்க்குப் போக, விமானம் ஏறும் முன் ஏர்போர்ட்டிலேயே எடுக்கும் அந்த ரேபிட் பி.சி.ஆர். டெஸ்ட் இன்னும் உண்டா? (வாசகர், கூத்தாநல்லூர்)

இல்லை. 2022 பிப்ரவரி 22-லேயே அந்த விதியை நீக்கிவிட்டார்கள். க்யூ.ஆர். கோடு உள்ள தடுப்பூசிச் சான்றிதழை அச்சடித்துக் கொண்டுபோங்கள். கவுன்டரில் நிற்கும்போது போனில் சார்ஜ் இல்லை என்றால் பெரிய சங்கடம்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, தடுப்பூசிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். பரவாயில்லையா? (வாசகர், பாபநாசம்)

பரவாயில்லை என்று உங்களுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நம் ஊர்ப் பக்கம் எல்லாரும் ஆதாரைக் காட்டித்தான் ஊசி போட்டோம். அதில் 'ஆர். செல்வம்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் 'செல்வம் ராமசாமி' என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று செக்-இன் கவுன்டரில் இருப்பவர் எப்படி நம்புவார்? தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் தளத்தில் பெயரைத் திருத்துங்கள், பாஸ்போர்ட் எண்ணையும் சேருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கென்று உள்ள சான்றிதழைத் தனியாக இறக்குங்கள். அதில்தான் முழுப் பிறந்த தேதி வரும், சாதாரணச் சான்றிதழில் வராது. திருத்த ஒரு தடவைதான் விடுவார்கள். பாஸ்போர்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அடியுங்கள்.

நாங்கள் போக நினைக்கும் நாட்டில் குணமடைந்தோர் விகிதம் 98 சதவீதம் என்கிறார்கள். அந்த நாடு மீண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் போடலாமா? (வாசகர், கும்பகோணம்)

அந்த எண்ணை நம்பிப் போடாதீர்கள். எத்தனை தடவை எழுதினாலும் இந்த விகிதம் ஒழிய மாட்டேன் என்கிறது. முதல் நாளிலிருந்து இன்றுவரை தொற்று வந்த எல்லாரையும் கூட்டி, அதில் எத்தனை பேர் தேறினார்கள் என்று வகுத்து வருவது அது. கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அதனால் நாள் ஆக ஆக அது தானாகவே 97, 98 என்று ஏறிவிடும். இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே முதல் வாரத்தில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்குத் தொற்று. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஜனங்கள் அலைந்த நாட்கள். அப்போதும் இந்தியாவின் குணமடைந்தோர் விகிதம் 80 சதவீதத்துக்கு மேலேதான் இருந்தது! அந்த வாரத்தில் அதைக் காட்டி யாராவது தைரியம் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பீர்களா?

தேறியவர்களை எண்ணும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. இங்கே 2020 மே மாதத்திலேயே விதியை மாற்றினார்கள். லேசான அறிகுறி உள்ளவர் பத்து நாள் கழிந்து, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால், மறு டெஸ்ட் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். அவரும் குணமடைந்தவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். நெதர்லாந்து, பிரிட்டன் போன்ற நாடுகள் இந்தக் கணக்கை வெகுகாலம் வெளியிடவே இல்லை. பிறகு இரண்டு நாடுகளை எப்படி ஒப்பிடுவது?

தண்ணீர் வருமா என்று தெரிய வேண்டிய கடைமடை விவசாயி, மேட்டூரில் இதுவரை மொத்தம் எவ்வளவு திறந்தார்கள் என்றா கேட்பார்? இன்றைக்கு எத்தனை கன அடி என்றுதான் கேட்பார். நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புதுத் தொற்றின் ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். ஒற்றை நாள் எண்ணைப் பார்க்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் குறைந்தால் திங்கட்கிழமை எண்ணும் இறங்கும். அப்புறம், நூறு டெஸ்டில் எத்தனை பாசிட்டிவ் என்பது. நாட்டைத் திறக்கும் முன் இது இரண்டு வாரமாவது 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. ஆனால் இப்போது பல நாடுகளில் வீட்டிலேயே கிட் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், அந்த முடிவுகள் அரசின் கணக்குக்கே வருவதில்லை. ஆகவே நான் கடைசியில் நம்புவது மருத்துவமனையில் சேருவோர் எண்ணிக்கையைத்தான். அது ஏறாமல் இருந்தால் சரி, போகலாம். இறப்பு எண்ணிக்கை இரண்டு மூன்று வாரம் பிந்தி வரும், அது குறைவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். 'அவர் வேர்ல்டு இன் டேட்டா' தளத்தில் நாட்டின் பெயரை அடித்தால் இவற்றில் பெரும்பாலானவை வரைபடமாகவே வரும்.

யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் கல்யாணம். இலங்கையில் கொரோனா குறைந்துவிட்டதாமே, போகலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

கொரோனா குறைந்தது உண்மை. அதை மட்டும் பார்க்காதீர்கள். கடனைத் திருப்ப முடியவில்லை என்று 2022 ஏப்ரலில் அந்த நாடே அறிவித்துவிட்டது. பெட்ரோலுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. மே 9-ஆம் தேதி பிரதமர் விலகினார், ஊரடங்கு வந்தது. 2018-இல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் போன நாடு அது, 2021-இல் 2 லட்சம் பேர்கூடப் போகவில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு இருந்த விமானமும் 2020 மார்ச்சில் நின்றது, 2022 மே வரை திரும்ப வரவில்லை. கொழும்பில் இறங்கி அங்கிருந்து வடக்கே போக வண்டி கிடைத்தாலும் எரிபொருள் கிடைக்க வேண்டுமே. பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இப்போது கிளம்ப வேண்டாம். மொய்யை அனுப்பிவிட்டு, நிலைமை சீரானதும் போய் மணமக்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மலேசியாவிலிருந்து திரும்பி வரும்போது திருச்சியில் தனிமைப்படுத்துவார்களா? (வாசகி, பட்டுக்கோட்டை)

மாட்டார்கள். ஏழு நாள் வீட்டுத் தனிமை 2022 பிப்ரவரி 14-உடன் போயிற்று. இறங்குபவர்களில் 2 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்துச் சளி மாதிரி எடுப்பார்கள், கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். இந்தியா வருவோர் இணையத்தில் நிரப்பும் ஏர் சுவிதா படிவம் மட்டும் 2022 மே நிலவரப்படி கட்டாயம். இந்தியாவில் போட்ட ஊசியின் சான்றிதழை அதில் ஏற்றலாம். ஊசி போடாதவர் கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். முடிவை ஏற்ற வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு டெஸ்ட் இல்லை. இதுவும் இலவசம்தான், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது ஊசிக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டுமா? மகன் படிக்கப் போகும் நாட்டில் கேட்கிறார்கள். (வாசகர், மயிலாடுதுறை)

இனி வேண்டாம். வெளிநாடு போகிறவர்கள் அந்த நாடு கேட்கும் கணக்குப்படி முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம் என்று 2022 மே மாதம்தான் மத்திய அரசு அனுமதி தந்தது. 2022 மே மாத விலைப்படி தனியார் மருத்துவமனையில் 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் இரண்டு ஊசி போட்ட அதே போன் நம்பரில் பதிவு செய்யுங்கள்.