பதினைந்து ஏக்கருக்கு எத்தனை துப்பாக்கி?

கேள்வி: டெக்சாஸில், ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் 15 ஏக்கர் வாங்கிக் குடியேறியிருக்கிறோம். கோழியும் ஆடும் வளர்க்கிறோம். காட்டுப்பன்றிகள் ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிடுகின்றன. ஓநாய் இனத்துச் சின்ன விலங்கான கொயோட்டி கோழியைத் தூக்குகிறது. கடையில் விசாரித்தால் ஏழெட்டுத் துப்பாக்கிக்குப் பட்டியல் தருகிறார்கள். நானும், ஐந்தடி உயரமுள்ள என் மனைவியும் பயன்படுத்தும்படி குறைந்த எண்ணிக்கையில் எவற்றை வாங்கலாம்? வீட்டில் பத்து வயதுப் பையன் இருக்கிறான்.

பதில்: மூன்று போதும். ஒரு .22 ரைஃபிள், ஒரே சமயம் பல ரவைகளைச் சுடும் ஒரு 20 கேஜ் ஷாட்கன், ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் ஒரு .243 போல்ட் ரைஃபிள். ரைஃபிளின் எண் ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலத்தில்; ஷாட்கனின் கேஜ் எண் கூடினால் குழல் சின்னது. மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். இதே வரிசையில், முன்னது கைக்குப் பழகிய பிறகு அடுத்தது.

வாங்கக் கிளம்பும் முன் உங்கள் விசா நிலையைப் பாருங்கள். கடைக்காரர் அதை உங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் சிக்கலில்லை. 4473 என்ற படிவத்தை நிரப்பினால் பின்னணிச் சோதனை நடக்கும். எச்1பி, எல்1, எஃப்1, சுற்றுலா விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சில விதிவிலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் முக்கியமானது. சென்னையிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் அப்பாவிடம், 'ஒரு ரவுண்டு சுட்டுப் பாருங்கள்' என்று நீட்டுவதும் இதற்குள் வரும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையே நாடுகடத்தலாம். விசாவில் சந்தேகம் இருந்தால், கடைக்குப் போகும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

அடுத்தது நிலம். டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே, மனைப்பிரிவுக்குள் இருக்கும் 10 ஏக்கருக்கு மேற்படாத மனைகளில் சுடுவதைக் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) தடை செய்ய முடியும். உங்களுடையது 15 என்பதால் தப்பித்தீர்கள். ஆனாலும் பத்திரத்திலும் மனைப்பிரிவு விதிகளிலும் ஏதாவது தடை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேட்டையிலோ பயிற்சியிலோ சுட்ட குண்டு உங்கள் எல்லையைத் தாண்டிப் போவது தனிக் குற்றம். பதினைந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 270 கஜம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைப்படி .22 தோட்டாவே ஒன்றரை மைல் போகும்; .243 அதையும் தாண்டும். குண்டு பறக்கும் தூரத்தோடு ஒப்பிட்டால் உங்கள் நிலம் ரொம்பச் சின்னது. குண்டு எங்கே போய் நிற்கும் என்பதைத் தீர்மானித்த பிறகுதான் எந்தத் துப்பாக்கி என்ற பேச்சே. சுடும் திசையில் மண்மேடு வேண்டும், அல்லது பத்துப் பன்னிரண்டு அடி உயரப் பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும். மேட்டின் முகப்பில் கல் இருக்கக் கூடாது. குட்டையை நோக்கியும் சுடாதீர்கள். தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் படும் குண்டு எகிறிப் போகும்; .22-இன் மெதுவான ஈயக் குண்டு அதில் கெட்டிக்காரன்.

முதலில் .22. ரூகர் 10/22 1964-இலிருந்து வருகிறது; உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். சுமார் 300 முதல் 400 டாலர். தோட்டா ஒன்று பத்து சென்ட் அளவில்தான் ஆகும் என்பதால், ஒரு சாயங்காலம் நூறு ரவுண்டு பயிற்சி செய்தாலும் கையைக் கடிக்காது. உதைப்பு இல்லை, சத்தம் குறைவு. கண்ணை மூடாமல், விசையைப் பிடுங்காமல் அழுத்தும் பழக்கம் இதில்தான் வரும். பெரிய துப்பாக்கியில் தொடங்குபவர்களுக்கு உதைக்கப்போகிறதே என்று முன்கூட்டியே உடம்பு குலுங்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை மாற்ற மாதக்கணக்காகும். எலி, முயல், அர்மடில்லோ வரைக்கும் .22 தாராளம். கொயோட்டிக்குப் பற்றாது. பன்றிக்கு வேண்டவே வேண்டாம், காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். மானை இதில் சுடுவது டெக்சாஸில் சட்டவிரோதம்.

பொதுவாகப் புதியவர்கள் தடுக்கி விழும் இடம், துப்பாக்கியைக் காலி செய்வது. முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வரிசை மாறினால், இழுத்தபோது ஒரு தோட்டா வெளியே வந்து விழும். விட்டதும் மேகசினிலிருந்து அடுத்தது, தோட்டா வெடிக்கும் அறைக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு 'காலி' என்று நினைப்பீர்கள். உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கும். போல்ட்டைத் திறந்தபடி பூட்டி, அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். .22-இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது. அது சீராகப் பரவாத தோட்டா சில சமயம் வெடிக்காது. விசையை அழுத்தி 'கிளிக்' மட்டும் கேட்டால், குழலை மேட்டை நோக்கியே வைத்து முப்பது நொடி காத்திருந்து அப்புறம் திறங்கள்.

இரண்டாவது ஷாட்கன். கடையில் 12 கேஜ்தான் எடுத்து நீட்டுவார்கள். நீங்கள் 20 கேஜ் கேளுங்கள். கோழிக்கூட்டருகே வரும் விலங்குக்கும், புறா வேட்டைக்கும், வீட்டுப் பாதுகாப்புக்கும் அது போதும். 12 கேஜில் கனத் தோட்டா போட்டு இரண்டு ரவுண்டு சுட்டவர்கள் பலர் மூன்றாவது சுடுவதில்லை. சுட்டுப் பழகாத துப்பாக்கி வீட்டில் இருந்து என்ன பயன்? மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 இரண்டும் முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் நம்பகமான பம்ப் வகைகள். உங்களுக்கு மாஸ்பெர்க்தான் நல்லது. சேஃப்டி பொத்தான் மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருப்பதால் வலக்கை, இடக்கை இரண்டுக்கும் ஒத்துவரும்.

கேஜைவிட முக்கியமானது பின்கட்டையின் நீளம். வழக்கமான கட்டை சுமார் 14 அங்குலம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு 12 முதல் 13 அங்குலம்தான் சரிவரும். கடையிலேயே சோதிக்கலாம்: துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் படியவேண்டும். நீளம் கூடினால் கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் போய் நிற்கும். அங்கே உதைத்தால் கன்றிப்போகும், குறியும் விலகும். சிறுவர் அளவு என்று விற்கும் குட்டைக் கட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது குட்டையாக இருந்தால் இடைவில்லைகளைச் சேர்த்து நீட்டலாம். நீளக் கட்டையைக் குறைக்க வேண்டுமானால் அறுக்க வேண்டும். குழலை மட்டும் ஒருபோதும் அறுக்காதீர்கள். ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934-ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டம் பாயும்.

20 வாங்கினால், 12 கேஜ் ஒரு பெட்டிகூட வீட்டுக்குள் வரக்கூடாது; பின்னாளில் 12 துப்பாக்கியும் வேண்டாம். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறைக்குள் விழுந்தால் நிற்காது. வழுக்கிக்கொண்டு முன்னே போய், குழல் குறுகும் இடத்தில் சிக்கி உட்கார்ந்துகொள்ளும். விசையை அழுத்தினால் சத்தம் வராது. திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்துக் கிடப்பதில் மோதிக் குழல் வெடிக்கும். அது வெடிக்கும் இடத்தில்தான் இடது கை இருக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வழக்கமானதே இந்த விபத்தைத் தடுக்கத்தான்.

பம்பை அரைகுறையாக இழுக்காதீர்கள். பாதி இழுத்துத் தள்ளினால் சுட்டு முடிந்த தோட்டாக்கூடு வெளியே போகாமல் சிக்கும். கடைசிவரை ஓங்கி இழுத்து, ஓங்கித் தள்ளுங்கள். கோழிக்கூட்டருகே வரும் கொயோட்டிக்கு 3-ஆம் எண் பக்ஷாட் (பெரிய ரவைத் தோட்டா). 2¾ அங்குலத் தோட்டாவில் கால் அங்குல ரவை இருபது இருக்கும். 25 கஜத்துக்குள் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு விதமாகச் சிதறும் என்பதால் 10, 15, 25 கஜங்களில் பெரிய அட்டையைக் கட்டிச் சுட்டுப் பாருங்கள். ரவைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிட அகலமாகப் பரவும் தூரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புறா வேட்டைக்குப் போனால் மேகசினில் அடைப்புக் கட்டை போட்டு, மொத்தமே மூன்று தோட்டாதான் கொள்ளும்படி வைக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. பாம்பைப் பார்த்தால் துப்பாக்கியைத் தேடாமல் பின்வாங்கி, மண்வெட்டித் தூரத்துக்கு அப்பால் நில்லுங்கள். கல்லடுக்கின் மேல் சுட்ட ரவை உங்கள் காலுக்கே திரும்பும்.

மூன்றாவதில்தான் சண்டை வரும். .308 என்பார்கள், 6.5 கிரீட்மோர் என்பார்கள் (இரண்டும் ரைஃபிள் தோட்டா வகைகள்), ஏஆர்-15 ரைஃபிள் இருந்தால் வேறெதுவும் வேண்டாம் என்பார்கள். எதுவும் தவறில்லை. ஒரே வீட்டில் உயரம் மாறுபட்ட இருவருக்கு ஒரே ரைஃபிள் என்றால், 1955-இல் வந்த .243 வின்செஸ்டரை மிஞ்ச ஆளில்லை. உதைப்பு .308-இல் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கொயோட்டிக்கு 55 முதல் 58 கிரெய்ன் (குண்டின் எடையளவு) குண்டு, மானுக்கு 95 அல்லது 100. பன்றிக்கு, உடையாமல் ஆழம் போகும் செப்புக் குண்டு அல்லது ஈயத்தை உறையோடு பிணைத்த குண்டு. கொழுத்த ஆண் பன்றியின் தோளில் கெட்டியான குருத்துத் தோல் கேடயம்போல இருக்கும். கொயோட்டிக்கான மென்குண்டு அதிலேயே உடைந்துபோகும். மேலும், பன்றியின் இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிடக் கீழேயும் முன்னேயும் இருக்கும். மானைச் சுட்டுப் பழகியவர்கள் பன்றியைக் காயப்படுத்திவிடுவது இதனால்தான்.

ரைஃபிள் 450 முதல் 600 டாலர். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் இரண்டிலும் குட்டைக் கட்டை மாதிரி உண்டு. 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 3-9x40 ஸ்கோப் ஒன்றுக்கு 200 டாலர் ஒதுக்குங்கள். வளையத் திருகுகளை 15 முதல் 20 அங்குல-பவுண்டுக்குள் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். தளர்ந்தால் குறி அலையும். இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குல இடைவெளி விடாவிட்டால் புருவம் கிழியும்.

குறி பொருத்துவதை 25 கஜத்தில் தொடங்குங்கள். பொதுவாக ஸ்கோப்பின் ஒரு கிளிக், 100 கஜத்தில் கால் அங்குலம். 25 கஜத்தில் அதில் நாலில் ஒரு பங்கு என்பதால், ஓரங்குலம் நகர்த்த 16 கிளிக். மூன்று ரவுண்டு சுட்டு, நடுப்புள்ளியைப் பார்த்துத் திருப்புங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருப்பினால் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். பிறகு 100 கஜத்தில் சரியாகப் படும்படி வையுங்கள். 150 கஜத்தில் ஓரங்குலம் சொச்சம்தான் இறங்கும். உங்கள் நிலத்தில் அதற்கு மேல் சுடும் இடமே இருக்காது. குண்டின் எடையை மாற்றினால் மறுபடி குறி பார்க்க வேண்டும்.

பன்றிக்குத் துப்பாக்கியை மட்டும் நம்பாதீர்கள். இருபது பன்றிக் கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை கலைந்து, அடுத்த முறை வேறு நேரத்தில் வரும். மக்காச்சோளம் போட்டுப் பழக்கி, கூட்டத்தையே வளைக்கும் பட்டிப்பொறிதான் வேலைக்காகும். தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றியைச் சுட 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் வேட்டை உரிமம் தேவையில்லை. இரவில் சுடப்போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டாரிடமும் வேட்டைக் காவலரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுக்கும்போது கையுறை கட்டாயம்; புரூசெல்லா நோய் ரத்தத்தில் தொற்றும்.

கைத்துப்பாக்கியைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. சரியாகச் சுடக் கற்க அதிகக் காலம் பிடிப்பதும், பயிற்சியை விட்டால் சீக்கிரம் மறப்பதும், அறியாமல் குழல் பக்கவாட்டில் திரும்பிவிடுவதும் அதுதான். ஒரு வருடம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் பயிற்சி வகுப்போடு சேர்த்து வாங்குங்கள்.

மிச்சப் பணத்தைப் பெட்டகத்துக்கும் காதுக்கும் செலவிடுங்கள். டெக்சாஸில், 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுக்கும்படி, சுடத் தயாரான நிலையில் துப்பாக்கியை அலட்சியமாக வைத்திருந்தால் பெற்றோர்மேல் குற்றம். பெட்டகத்தைக் கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. சாவி மேசை டிராயரில் இருப்பது பையனுக்குத் தெரியாது என்று நம்பாதீர்கள். நுரைப்பஞ்சுப் பெட்டியில் துப்பாக்கியை வைத்து மூடினால் பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சில வாரத்தில் துரு பூக்கும். காதுக்கு உள்ளே அடைப்பான், மேலே கவசம் இரண்டும் வேண்டும், ஷாட்கனும் .243-உம் 150 டெசிபெலைத் தாண்டும்.

சுடப்போகும் பையை ஊருக்குப் போகும் பையாக ஆக்காதீர்கள். ஓர ஜிப்பில் மறந்துபோன ஒரே ஒரு .22 தோட்டா இந்திய விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்தது என்று நிரூபித்து வெளியே வரலாம்தான், ஆனால் விடுமுறை முழுக்க நீதிமன்றத்தில் போகும். சுடும் பைக்கு வேறு நிறம் வாங்கி, அதை மற்ற பைகளோடு சேர்க்காமல் பெட்டகம் இருக்கும் அறையிலேயே மாட்டிவையுங்கள்.