ஜெர்மன் துணைவினை: எது எங்கே நிற்கும்?

கேள்வி: நர்சிங் முடித்து ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) படிக்கிறேன். 'இஹ் முஸ் ஃபாரென் ஹாய்டெ நாஹ் ஓசூர்' (நான் இன்று ஓசூருக்குப் போக வேண்டும்) என்று எழுதினால் தப்பு என்கிறார்கள். ஏன்? 'முஸ் நிஹ்ட்' என்றால் 'கூடாது' தானே?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: 'முஸ்' (வேண்டும்) என்ற துணைவினை இரண்டாம் இடத்தில் சரியாகத்தான் இருக்கிறது. 'ஃபாரென்' (போக) வாக்கியத்தின் கடைசிக்குப் போக வேண்டும்: 'இஹ் முஸ் ஹாய்டெ நாஹ் ஓசூர் ஃபாரென்.' நடுவில் 'ட்ஸூ' (ஆங்கில 'to' போன்றது) சேர்க்காதீர்கள். 'வைல்' (ஏனென்றால்) வந்தால் 'முஸ்'ஸும் கடைசிக்கு ஓடிவிடும்: '...வைல் இஹ் நாஹ் ஓசூர் ஃபாரென் முஸ்.' நம் 'போக வேண்டும்' வரிசையேதான். தமிழருக்கு இது லாபம்!

'இஹ்' (நான்), 'எர்' (அவன்) இரண்டுக்கும் துணைவினை ஒரே வடிவம்: இஹ் கான் (என்னால் முடியும்), எர் கான் (அவனால் முடியும்). பழக்கத்தில் 'எர் கான்ட்' என்று 'ட்' ஒட்டுபவர்கள் அதிகம். பன்மையில் உயிரெழுத்து மாறும்: விர் க்யோனென் (நம்மால் முடியும்). 'ஸொல்லென்' (ஆங்கில 'should' போன்றது) மட்டும் மாறாது. 'என்னால் முடியும்' என்று நினைத்து 'மிர் கான்' ('மிர்' என்றால் 'எனக்கு') என்றும் எழுதாதீர்கள்.

'முஸ் நிஹ்ட்' என்றால் 'தேவையில்லை'. 'கூடாது' என்பதற்கு 'டார்ஃப் நிஹ்ட்'. வார்டில் இதை மாற்றிச் சொன்னால், சாப்பிடக் கூடாத நோயாளி சாப்பிட்டுவிடுவார். இதை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.